ரீஃபர்பிஷ்ட் லேப்டாப் வாங்கப் போறீங்களா? மாற்ற முடியாததை முதல்ல பாருங்க

ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் ஹாஸ்டலில் ஒரு கேள்வி சுத்தி வரும். "மச்சான், புது லேப்டாப்புக்கு பட்ஜெட் இல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல ரீஃபர்பிஷ்ட் திங்க்பேட் கிடைக்குதாம். வாங்கலாமா?"

வாங்கலாம். ஆனா எந்த மாடல், எந்த நிலையில் என்பதில்தான் எல்லாமே இருக்கு. நம்மில் பல பேருக்கு அது வீட்டில் சீட்டு எடுத்தோ, நகையை அடகு வச்சோ தரும் காசு. படிப்பு முடியும் வரை ஓடணும். நாலு மாசத்தில் நின்னு போனா, இன்னொரு தடவை வீட்டில் கேட்க முடியாது.

இந்தக் கட்டுரை சொல்லும் விதி ஒன்றுதான்: மாற்ற முடியாததை முதலில் சோதிங்க, மாற்ற முடிந்ததை விலையில் கழிங்க. கடையில் நாம பெரும்பாலும் இதைத் தலைகீழாச் செய்றோம். மூடியில் கீறல் இருக்கா, கீபோர்டு பளபளன்னு இருக்கா என்று பார்த்துட்டுப் பணத்தைக் கொடுத்துடுறோம்.

பிசினஸ் லேப்டாப் என்றால் என்ன?

டெல் லாட்டிட்யூட், லெனோவோ திங்க்பேட், ஹெச்பி எலைட்புக் எல்லாம் கம்பெனிகளுக்காகத் தயாராகும் வரிசைகள். கம்பெனிகள் இவற்றை மொத்தமாக வாங்கும் அல்லது லீஸுக்கு எடுக்கும். மூணு நாலு வருஷத்தில் வாரண்டியோ லீஸோ முடிந்ததும் மொத்தமாக மாற்றிவிடும். அதனால் சந்தைக்கு வரும் எல்லா மிஷினும் கெட்டுப்போய் வந்ததில்லை. கணக்குப் புத்தகத்தில் அவற்றின் காலம் முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

இவற்றில் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. அடிப்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள்ளே போய்விடலாம். எப்படிப் பிரிப்பது என்ற சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பு நிறுவனமே இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

"ஏ கிரேடு, பி கிரேடு" என்று சொன்னால் மயங்க வேண்டாம். எல்லாக் கடைக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. பெரும்பாலும் அது வெளித்தோற்றத்துக்குக் கொடுக்கும் மார்க். உள்ளே இருப்பதை நாமதான் பார்க்கணும்.

மாற்ற முடியாதது 1: ப்ராசஸர்

இந்த வகை லேப்டாப்களில் ப்ராசஸர் மதர்போர்டோடு சால்டர் செய்யப்பட்டிருக்கும். பின்னாடி அப்கிரேடு பண்ண முடியாது. "ஐ7 சார், செம ஸ்பீடு" என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கேள்வி, "எத்தனாவது ஜெனரேஷன் அண்ணா?" என்பதாக இருக்கட்டும்.

முழுப் பெயரை டாஸ்க் மேனேஜரில் பாருங்க. ஐ5-6300யு என்றால் கோட்டுக்குப் பின் வரும் முதல் எண் 6, அதாவது ஆறாவது ஜெனரேஷன். ஐ5-8250யு எட்டாவது. ஐ5-10210யு பத்தாவது. ஐ5-1135ஜி7 பதினொன்றாவது.

எட்டாவது ஜெனரேஷன்தான் நமக்கு எல்லைக்கோடு. அதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று, கோர் எண்ணிக்கை. ஏழாவது ஜெனரேஷன் ஐ7-7600யு-வில் இருப்பது 2 கோர், 4 த்ரெட். 2017-இல் வந்த ஐ5-8250யு-வில் 4 கோர், 8 த்ரெட். பெயரில் ஐ7 பெரிசு, வேலையில் ஐ5 பெரிசு. பிரவுசரில் இருபது டேப், பக்கத்தில் விஎஸ் கோட், பின்னாடி ஒரு மீட்டிங் என்று ஓட்டும்போது இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

இரண்டு, விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் ப்ராசஸர்கள், ஒரு சில விதிவிலக்குகள் தவிர, எட்டாவது ஜெனரேஷனில்தான் தொடங்குகின்றன. டிபிஎம் 2.0 சிப்பும் வேண்டும். பழைய மிஷினில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிவிட முடியும் என்பதால், திரையில் விண்டோஸ் 11 ஓடுவதை மட்டும் அத்தாட்சியாக எடுத்துக்காதீங்க. லினக்ஸ் மட்டும்தான் ஓட்டப் போறேன் என்பவருக்கு இந்த இரண்டாவது காரணம் பொருந்தாது. முதலாவது பொருந்தும்.

மாற்ற முடியாதது 2: கம்பெனியின் பூட்டு

யாரும் அதிகம் பார்க்காத இடம் இது. மாட்டினால் மொத்தக் காசும் போகும் இடமும் இதுதான்.

முதலில் பயாஸ் பாஸ்வேர்டு. ஆன் செய்ததும் டெல்லில் எஃப்2, திங்க்பேடில் எஃப்1, ஹெச்பியில் எஃப்10 அழுத்துங்க. உள்ளே போக பாஸ்வேர்டு கேட்டால் அந்த மிஷின் வேண்டாம். திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு தெரியாவிட்டால், லெனோவோ சொல்லும் தீர்வு மதர்போர்டையே மாற்றுவது. பயாஸுக்குள் செக்யூரிட்டி பகுதியில் கம்ப்யூட்ரேஸ் அல்லது அப்சல்யூட் என்ற பெயர் இருக்கும். அது ஆக்டிவேட் ஆகியிருந்தால், பழைய உரிமையாளர் இன்னும் அந்த மிஷினைக் கண்காணிக்கவோ பூட்டவோ முடியும் என்று அர்த்தம்.

அடுத்து ஆட்டோபைலட். கம்பெனிகள் தங்கள் லேப்டாப்களின் ஹார்டுவேர் அடையாளத்தை மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவு செய்து வைக்கும். விற்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்துவிட்டால், விண்டோஸை எத்தனை தடவை புதுசா ஏற்றினாலும், நெட் கனெக்ஷன் கிடைத்ததும் அந்தக் கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கும். கடையில் ஏற்கெனவே ஒரு லோக்கல் அக்கவுண்ட் போட்டுக் காட்டுவதால் இது கண்ணில் படாது.

சோதிக்க ஒரே வழி: ரீசெட் செய்து, உங்க மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதலிலிருந்து செட்டப் பண்ணிப் பாருங்க. நேரம் எடுக்கும். கடையில் முடியாவிட்டால், "கம்பெனி லாக் வந்தா திருப்பி எடுத்துக்கணும்" என்று பில்லிலேயே எழுதி வாங்குங்க. வீட்டுக்குப் போன அன்றைக்கே இந்த வேலையை முடிச்சிடுங்க.

அடிப்பக்கம் இருக்கும் சீரியல் நம்பரும் பயாஸ் காட்டும் சீரியல் நம்பரும் ஒன்றா என்றும் பாருங்க. டெல்லில் இதற்குச் சர்வீஸ் டேக் என்று பெயர். இந்த நம்பரைத் தயாரிப்பாளரின் சப்போர்ட் தளத்தில் போட்டால் சரியான மாடலும் வாரண்டி விவரமும் தெரியும். நம்பர் பொருந்தவில்லை என்றால் போர்டு மாறியிருக்கலாம், அல்லது கைமாறி வந்த வழி சரியில்லாமல் இருக்கலாம்.

மாற்ற முடியாதது 3: உடம்பு

மூடியை மெதுவாகத் திறந்து, வெவ்வேறு கோணங்களில் விட்டுப் பாருங்க. தானாகச் சரிந்தாலோ, ஹிஞ்ச் பக்கம் பிளாஸ்டிக் விரிந்தாலோ விட்டுடுங்க. டச்பேட் மேலே தூக்கியிருந்தால், அடிமூடி உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கலாம். அந்த மிஷினை வாங்க வேண்டாம்.

எல்லா யூஎஸ்பி போர்ட்டிலும் ஒரு பென்டிரைவைச் சொருகிப் பாருங்க. யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலில் அதைக் கட்டாயம் சோதிங்க. 2017 முதல் 2019 வரை வந்த சில திங்க்பேட்களில், டி480 உட்பட, தண்டர்போல்ட் ஃபர்ம்வேர் கோளாறால் யூஎஸ்பி-சி போர்ட் செயலிழக்கும் பிரச்சினை இருந்தது. லெனோவோ அதற்கு அப்டேட் வெளியிட்டது. வாங்கிய கையோடு அதைப் போட்டுடுங்க.

திரையை மாற்ற முடியும், ஆனா செலவு அதிகம். டி480-ஐயே 1366×768 திரையோடும் 1920×1080 திரையோடும் விற்றார்கள். நாள் முழுக்கக் கோடு பார்க்கிற கண்ணுக்கு இரண்டாவதுதான் சரி. முழு வெள்ளைப் படம் ஒன்று, முழுக் கறுப்புப் படம் ஒன்று வைத்துத் திட்டு, கோடு, செத்த பிக்சல் இருக்கா என்று பாருங்க.

மாற்ற முடிந்தவை: இங்கேதான் பேரம்

பேட்டரி: கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி கட்டளையோடு பேட்டரிரிப்போர்ட் ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுத்தால் ஒரு அறிக்கை வரும். அதில் டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்ற இரண்டு எண்களைப் பாருங்க. 57,000 மில்லிவாட்-மணிக்கு வடிவமைத்த பேட்டரி இப்போ 34,200 பிடிக்கிறது என்றால் 60 சதவீதம் மிச்சம். சாதாரண வேலைக்குச் சராசரியாக 8 வாட் ஆகுது என்று வைத்தால், 34.2-ஐ 8-ஆல் வகுத்து, நாலே கால் மணி நேரம். கடைக்காரர் "பேக்கப் நல்லா நிக்கும்" என்று சொல்வதைவிட இந்த வகுத்தல் நம்பகமானது. டி480-இல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரி. அறிக்கையில் இரண்டும் தனித்தனியாக வரும்.

எஸ்எஸ்டி: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டு போங்க. ஹெல்த் சதவீதமும் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் தெரியும். ஒரு ஆபீஸ் லேப்டாப் நாளுக்கு 8 மணி நேரம், வருஷத்துக்கு 250 நாள், 4 வருஷம் ஓடினால் 8,000 மணி நேரம். அந்த அளவில் இருந்தால் கதை பொருந்துது. 20 மணி நேரம் என்று காட்டினால் எஸ்எஸ்டி புதுசு. எந்தப் பிராண்டு என்று பாருங்க. 30,000 என்றால் ராத்திரி பகலா எங்கோ ஓடியிருக்கு.

ரேம்: டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கு என்று தெரியும். டி480, லாட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 இவற்றில் இரண்டு ஸ்லாட் உண்டு. டி490-இல் ஒரு பகுதி ரேம் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கும், கூட ஒரே ஒரு ஸ்லாட். எக்ஸ்1 கார்பனில் எல்லாமே சால்டர். அங்கே ரேம் "மாற்ற முடியாதது" பட்டியலுக்குப் போய்விடும். 16 ஜிபி இருந்தால் மட்டும் யோசிங்க.

சூடும் சார்ஜரும்: ஒரு 1080பி வீடியோவையும் நிறைய டேப்களையும் பத்து நிமிஷம் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் வேகத்தைக் கவனிங்க. ஐ5-8250யு-வின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ். வேலை மும்முரமா நடக்கும்போதும் 1-க்குக் கீழே விழுந்து அங்கேயே நின்றால் ஏதோ கோளாறு. ஃபேனில் தூசி, காய்ந்த தெர்மல் பேஸ்ட் என்றால் சின்னச் செலவில் தீரும். டெல்லில் சார்ஜர் ஒரிஜினல் இல்லாவிட்டாலும் மிஷின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பேட்டரி சார்ஜ் ஆகாமலும் போகலாம். வேறு சார்ஜர் போட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

உண்மையான விலை

ஒரு கணக்குக்காக வச்சுப்போம். முதல் மிஷின் 20,000 ரூபாய்: 16 ஜிபி ரேம், பேட்டரி 85 சதவீதம். இரண்டாவது 17,000 ரூபாய்: 8 ஜிபி ரேம், பேட்டரி 45 சதவீதம். இரண்டாவதுக்குப் பேட்டரி 3,000, ரேம் 2,500 என்றால் மொத்தம் 22,500. மலிவு என்று நினைத்ததுதான் விலை அதிகம். ரேம் விலை ஏறி இறங்கும் என்பதால், அன்றைய விலையைப் பக்கத்துக் கடையில் கேட்டுட்டுப் பேரத்தில் உட்காருங்க. "பேட்டரி 45தான் இருக்கு அண்ணா" என்று அறிக்கையைக் காட்டிப் பேசினால், "கொஞ்சம் குறைங்கண்ணா" என்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

யாருக்கு வேண்டாம்?

கோடிங், ரிப்போர்ட், ஆன்லைன் வகுப்பு, மேட்லேப், ஆட்டோகேடில் 2டி வரைபடம் இவற்றுக்கு 16 ஜிபி ரேம் உள்ள எட்டாவது ஜெனரேஷன் மிஷின் தாராளம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ ஓடும், எமுலேட்டரைத் திறந்தால் மூச்சு வாங்கும். சொந்த போனைக் கேபிளில் இணைத்து டெஸ்ட் பண்ணலாம். ஆனா பெரிய 3டி அசெம்பிளி, ரெண்டரிங், கேம் டெவலப்மென்ட் உங்க தினசரி வேலை என்றால் இன்டெல் யூஹெச்டி 620 கிராஃபிக்ஸ் போதாது. விலை குறைவு என்பதற்காக வாங்கி அவதிப்பட வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டிய வரிசை

1. ப்ராசஸரின் முழுப் பெயர்.
2. பயாஸ் பாஸ்வேர்டு, அப்சல்யூட், சீரியல் நம்பர்.
3. ஹிஞ்ச், பேட்டரி வீக்கம், போர்ட்டுகள், திரை.
4. கீபோர்டில் ஒவ்வொரு கீ, கேமரா, மைக், ஸ்பீக்கர், வைஃபை.
5. பேட்டரி அறிக்கை, எஸ்எஸ்டி மணி நேரம், ரேம் ஸ்லாட்.
6. பத்து நிமிஷச் சூடு சோதனை.
7. சீரியல் நம்பர் எழுதிய ஜிஎஸ்டி பில், வாரண்டி எத்தனை மாசம், எதற்கெல்லாம் என்ற விவரம், திருப்பித் தரும் நாள்கணக்கு.

முதல் மூன்றில் பெரிய குறை எது தென்பட்டாலும் அடுத்ததுக்குப் போக வேண்டாம். "தேங்க்ஸ் அண்ணா" சொல்லிட்டு எழுந்திருங்க. இதே மாடல் அடுத்த கடையிலும் இருக்கும். சோதிக்கவே விடாத கடை என்றால், அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.