மல்லிகை ஏன் பூக்கவில்லை?

சித்திரை முடிந்தும், பலாமரத்தடித் தொட்டியில் நிற்கும் என் மல்லிகை இலையாகவே தழைக்கிறது. இப்போது வேறு என்னதான் பூக்கும்?
– வாசகி, கரவனெல்ல

கவலை வேண்டாம் தங்கச்சி, செடிக்கு நோயில்லை, வெயில்தான் போதவில்லை. மல்லிகைக்கு நாளுக்கு ஆறு மணிநேர நேர்வெயில் வேண்டும். பலாமர நிழலில் நின்றால் கொப்புதான் நீளும். தொட்டியை வெயிலுக்கு நகர்த்துங்கள். யூரியாவை நிறுத்தி, ஒரு பிடி விறகுச் சாம்பலைத் தூரைச் சுற்றித் தூவுங்கள். நீண்ட கொப்புகளின் நுனியை நறுக்கிவிடுங்கள். புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வரும். மே கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அதற்குள் தூரில் மண் அணைத்து, தண்ணீர் வடிய வழி செய்யுங்கள்.

மல்லிகை நின்ற நிழலில் அந்தூரியம் வையுங்கள், அதற்கு அதுவே சுகம். உங்கள் பக்கத்தில் இப்போது செவ்வரத்தையும் வெட்சியும் தாராளமாகப் பூக்கும். மழை லில்லிக் கிழங்கை வாசலோரம் ஊன்றினால், ஒரு நல்ல மழை பெய்த சில நாளில் மொட்டு நிமிர்ந்துவிடும்.

வெசாக் காலத்தில் ஊதாச் சாயலில் தொங்கும் வெசாக் ஓர்கிட் இலங்கைக்கே உரியது, அருகிவருவது. ஆசையிருந்தால் நாற்றுமேடையில் வளர்த்த செடியை வாங்குங்கள். காட்டில் இருப்பதைத் தொடாதீர்கள்.