விராலிமலை முருகன் சந்நிதியில் ஆடிய அடியார்

 

போன வாரம் திருப்புகழ் பாராயணம் பத்திப் பேசிட்டிருந்தப்ப ஒரு தம்பி கேட்டார்: "அண்ணா, அருணகிரிநாதர் நிறைய பாட்டுல விலைமாதரைத் திட்டுறாரே, அப்போ கோவில்ல ஆடின பொண்ணுங்களும் அவங்கதானா?" ரெண்டு வரியில பதில் போட முடியாத கேள்வி. அதான் இந்தப் பதிவு.

அருணகிரியார் திட்டுவது காசுக்காக ஆசை காட்டுபவர்களை. அதைவிட அதிகமாக, அவர்கள் பின்னால் அலைந்த தன் மனசை. கோவிலில் பாடி ஆடியவர்களுக்குப் பெயர் வேறு: தேவரடியார். நாம "முருகனடியார்"னு சொல்லிக்கிறோமே, அதே அடியார்தான். அந்தப் பெயர் தேய்ந்துதான், இன்னைக்கு கமெண்ட்ல பசங்க கூசாம டைப் பண்ற கெட்ட வார்த்தையா நிக்குது.

நம்ம மாங்காட்டுல காமாட்சி அம்மனைப் பார்த்துட்டு அப்படியே குன்றத்தூர் முருகன் மலைக்குப் போறது பலருக்கும் பழக்கம். அந்தக் குன்றத்தூர்தான் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய பெரியபுராணத்தில் சுந்தரரின் மனைவி பரவையார் வருகிறார். திருவாரூர்க் கோவிலுக்குத் தொண்டு செய்த உருத்திர கணிகையர் குலத்தில் பிறந்தவர். சுந்தரரோடு அவர் ஊடல் கொண்டபோது சமாதானம் பேச சிவபெருமானே இரவில் அவர் வீட்டு வாசலுக்குத் தூது நடந்தார், அதுவும் ரெண்டு தடவை! அந்தக் குலத்தைச் சேக்கிழார் எங்கேயும் தாழ்த்திச் சொல்லவில்லை.

புராணம்தானேன்னு சொல்றவங்களுக்குக் கல்வெட்டும் இருக்கு. தஞ்சைப் பெரிய கோவிலுக்கு ராஜராஜ சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தினான். ஒவ்வொருவர் பெயர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தார், எந்த வீடு என்பதெல்லாம் சுவரில் வெட்டியிருக்கு. ஒருவருக்கு ஒரு வீடு, வருஷத்துக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி தன் பெயரில் வீடும் வருமானமும் உள்ள பெண்கள்!

அது அப்படியே நீடிக்கவில்லை. ராஜாக்கள் போனார்கள், கோவிலின் ஆதரவு குறைந்தது, பணக்காரர்களும் ஜமீன்தார்களும் உள்ளே வந்தார்கள். விவரம் தெரியாத வயசில் பொட்டுக் கட்டப்பட்ட பெண் பிள்ளைக்கு "வேண்டாம்" என்று சொல்ல வழியே இல்லை. இதை மறைத்துவிட்டுப் பழம்பெருமை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை நிறுத்தப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவருடைய தாயார் சந்திரம்மாளே தேவதாசிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்து எதிர்த்தவர். மறுபக்கம், திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோவில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள், "எங்கள் கலையையும் சொத்துரிமையையும் ஏன் பறிக்கிறீர்கள்?" என்ற பக்கம் நின்றார். ரெண்டு பக்கமும் நியாயம் இருந்துச்சு. கடைசியில் 1947இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பிள்ளைகளுக்கு அது விடுதலை. ஆனா ஏற்கெனவே கோவிலை நம்பி இருந்தவர்களின் பிழைப்புக்கு யாரும் சரியாக வழி சொல்லவில்லை. அதற்குள் அவர்களுடைய சதிர், "பரதநாட்டியம்" என்ற புதுப் பெயரோடு சபா மேடைக்குப் போயிருந்தது. ஆட்டம் மேடை ஏறிச்சு, ஆடினவங்க தெருவுல நின்னாங்க.

அப்படி நின்றவர்களில் ஒருவர் நம் முருகனுக்கே ஆடியவர்: விராலிமலை முத்துக்கண்ணம்மாள். தந்தை நட்டுவனார், அவரேதான் குருவும். 7 வயசில் விராலிமலை சுப்பிரமணிய சுவாமி கோவிலில் பொட்டுக் கட்டப்பட்டார். அங்கே தொண்டு செய்த 32 பெண்களில் அவரும் ஒருவர். தினமும் மலையேறி முருகன் முன்னாடி பாடி ஆடுவது அவர்கள் வேலை. இன்னைக்கு மேடையில ஒருத்தர் பாட இன்னொருத்தர் ஆடுறாங்க இல்லையா? சதிரில் ஆடுபவரே பாடவும் செய்வார். மூச்சு வாங்காமல் ரெண்டையும் செய்து பாருங்கள், கஷ்டம் தெரியும். கோவில் ஆட்டம் நின்ற பிறகும் விராலிமலைக் குறவஞ்சிப் பாட்டுகளையும் அடவுகளையும் அவர் விடவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போக, அந்த 32 பேரில் கடைசியாக மிஞ்சியவர் அவர்தான். 80 வயசைத் தாண்டியும் உட்கார்ந்தபடியே கையால் அபிநயம் பிடித்துப் பாடிக் காட்டினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். சதிர் என்ற பெயரே பலருக்கு அன்னைக்குத்தான் காதில் விழுந்தது.

திருச்சியிலிருந்து மதுரை ரோட்டில் 30 கி.மீ. போல போனால் விராலிமலை. அருணகிரியாரை முருகன் வயலூரிலிருந்து வரச் சொன்ன தலம் இதுதான் என்பார்கள். மயில் மேல் ஆறுமுகன், வள்ளி தெய்வானையோடு. படி ஏறுகிறவர்கள் மேலே போய் ஒரு திருப்புகழாவது வாய்விட்டுப் பாடுங்கள். தினமும் ஏறிப் பாடின படி அது.

வேலும் மயிலும் துணை.