கிரேன் வந்துவிட்டால் போதுமா?

2022 நவம்பர் தொடக்கத்தில் ஓர் இரவு, திருவனந்தபுரத்துக்குத் தெற்கே பாலராமபுரத்தில், கேரள அரசுப் பேருந்து ஒன்று விமான இறக்கையில் மோதியது. இறக்கை டிரெய்லரில் போய்க்கொண்டிருந்தது. 2018 வரை பறந்த ஏர் இந்தியாவின் ஏ320 விமானத்தின் இறக்கை அது. சாக்கையில் உள்ள பராமரிப்புக் கூடத்தில் நின்றிருந்த அந்த விமானத்தை ஏலத்தில் எடுத்தவர், உணவகமாக மாற்றுவதற்காக ஹைதராபாத்துக்குக் கொண்டுபோனார். பேருந்தில் இருந்த சிலருக்குக் காயம். அதே மாதம், விமானத்தின் உடலை ஏற்றிய வண்டி ஆந்திராவின் பாபட்லா மாவட்டத்தில், கொரிசபாடு பக்கம் ஒரு சுரங்கப்பாதையில் சிக்கிக்கொண்டது.

இரண்டு இடத்திலும் வில்லங்கம் வந்தது லாரியில் ஏற்றி முடித்த பிறகுதான். பாலராமபுரம் வழியே போகும் கரமனை–களியிக்காவிளை சாலையில் நொறுங்கிக் கிடக்கும் சாதாரணக் காரை ஏற்றும்போதும் இதே அலட்சியத்தைப் பார்க்கிறேன். அதற்குப் பின்னால் இருக்கும் நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: கிரேன் இருந்தால் பயமில்லை.

கிரேனைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சக்கரம் உருளும் வண்டியை உருட்டியே ஏற்றுவது நல்லது. 2025 ஜூன் 14 அன்று திருவனந்தபுரத்தில் அவசரமாக இறங்கிய பிரிட்டனின் எஃப்-35பி போர் விமானத்தைப் பிரித்து, சரக்கு விமானத்தில்தான் ஏற்றிப்போக வேண்டியிருக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. நடந்தது வேறு. ஜூலை 6 அன்று அதன் சக்கரத்திலேயே கூடத்துக்கு இழுத்துப்போனார்கள், பழுது பார்த்தார்கள், ஜூலை 22 அன்று அது பறந்துபோனது.

காருக்கும் இதே நியாயம்தான். சுமார் 15 டிகிரி சரிவுப் பலகையில் உருளும் காரை வின்ச்சால் இழுக்க, அதன் எடையில் கால் பங்கைச் சற்றுத் தாண்டிய விசை போதும். சக்கரம் இறுகிப்போய்த் தேய்ந்துகொண்டு வந்தால், ஏறக்குறைய முழு எடைக்கான இழுவிசை வேண்டும். அப்படி முறுக்கேறிய கம்பி வடம் அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று வடத்தின் நேர்க்கோட்டில் நின்று கை காட்டுகிறவரைப் பார்த்தால் எனக்குப் பதைக்கிறது. இறுகிய சக்கரத்துக்கு அடியில் சிறு உருளைத் தாங்கிகளை வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: கார் ஒரு டன், பெல்ட்டும் ஒரு டன் தாங்கும்; இரண்டு பெல்ட் போட்டால் தாராளம்.

வேறு வழியில்லாமல் தூக்கும்போது அதிகம் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். ஒரே கொக்கியிலிருந்து இரண்டு பெல்ட்டுகள் செங்குத்தாகத் தொங்கினால் ஆளுக்கு அரை டன். அவை விரிந்து, தரைக்கு 60 டிகிரியில் நின்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 580 கிலோ. 30 டிகிரிக்குத் தாழ்ந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு ஒரு டன்னைச் சுமக்கும். குட்டையான பெல்ட்டை இழுத்துப் பிடித்து மாட்டுவதால் வருவது இது. நீளமான பெல்ட்டைப் போட்டாலே விசை குறைந்துவிடும்.

மாட்டும் இடமும் முக்கியம். பம்பரும் கதவுத் தூணும் வண்டியின் எடையைத் தூக்குவதற்காகச் செய்தவை அல்ல. அடிச்சட்டத்திலோ சக்கரங்களிலோதான் பிடி இருக்க வேண்டும். முன்னால் எஞ்சின் உள்ள காரின் எடை மையம் நடுவிலிருந்து முன்பக்கம் தள்ளியிருக்கும். எஞ்சினைக் கழற்றிய வண்டியில் அது பின்னால் போய்விடும். அதனால் தரையை விட்டு ஒரு சாண் எழுந்ததும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கி, பெல்ட்டை நகர்த்தி, மறுபடி தூக்க வேண்டும். சாயும் காரைக் கையால் தள்ளி நேராக்க யாரும் கிட்டே போகக் கூடாது.

நம்பிக்கை: இவ்வளவு கனம், எங்கே நகரப்போகிறது?

பிரேக் போட்ட நொடியில் நகரும். ஐரோப்பியத் தரநிலைப்படி, முன்பக்கம் சரக்கின் எடையில் 80 சதவீதத்தையும், பக்கவாட்டிலும் பின்னாலும் 50 சதவீதத்தையும் தாங்கும்படி கட்ட வேண்டும். கியரும் ஹேண்ட்பிரேக்கும் இதற்கு ஈடாகாது. நைலான் கயிறோ இழுபட்டுத் தளரும். ராட்செட் பெல்ட்டால் நான்கு சக்கரங்களையும் கட்டி, கட்டை கொடுத்து, சில கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும்.

நம்பிக்கை: லாரி போகிற வழியில் சரக்கும் போகும்.

ஏ320-இன் உடல் மட்டுமே சுமார் 4.14 மீட்டர் உயரம். ஒரு மீட்டர் உயரத் தட்டில் வைத்தால் ஐந்தைத் தாண்டிவிடும். நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு அடியில் 5.5 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம் என்றாலும், சிறு வண்டிகளுக்கான சுரங்கப்பாதைகள் அதைவிடத் தாழ்ந்தவை. ஜீப்பையோ வேனையோ உயரமான லாரியில் ஏற்றினாலும் இதே கதைதான். கட்டி முடித்த பிறகு, தரையிலிருந்து உச்சி வரை டேப் பிடித்து அளப்பதற்கு ஒரு நிமிஷம் ஆகாது.

நம்பிக்கை: மின்சாரக் காரும் கார்தானே.

சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கலாம். அதனால் சாலையில் இழுத்துப் போகாமல் நான்கு சக்கரமும் தட்டில் இருக்கும்படி ஏற்ற வேண்டும். அடிபட்ட பேட்டரி சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துக்கூடத் தீப்பிடிக்கும். இறக்கிய பிறகு மற்ற வண்டிகளிலிருந்தும் கட்டடத்திலிருந்தும் 15 மீட்டர் தள்ளி, வெட்டவெளியில் நிறுத்துங்கள். ரெக்கவரி வண்டிக்காரருக்குப் போன் செய்யும்போது, எந்தக் கம்பெனிக் கார் என்று சொல்வதற்கு முன்பே மின்சார வண்டி என்பதைச் சொல்லிவிடுங்கள்.