கற்ற மகளிரின் ஒப்புரவு

உதவி என்னும் சொல் ஒன்றே. அதன் வகையோ பல. இல்லாதவர்க்கு உள்ளவர் மனமிரங்கிக் கொடுப்பது ஈகை. ஒரே உலகில் வாழ்வோர் ஒருவர்க்கொருவர் கடமைப்பட்டவர் என்பதை உணர்ந்து உதவுவது ஒப்புரவு. திருவள்ளுவர் இவ்விரண்டனுக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்து, ஒப்புரவறிதலை ஈகைக்கு முன்னே வைத்தார். பட்டம் பெற்ற பெண்கள் நாடுகளின் எல்லை கடந்து அமைத்த ஒரு சங்கத்தின் வரலாறு இவ்வேற்றுமையை நமக்கு நன்கு விளக்குகின்றது.

முதல் உலகப் போர் 1918 ஆம் ஆண்டில் முடியும் தறுவாயில் இருந்தது. அப்பொழுது பிரிட்டனிலிருந்து கல்வித் தூதுக்குழு ஒன்று அமெரிக்கா சென்றது. அதில் இரு பெண்மணிகள் இடம்பெற்றிருந்தனர். ஒருவர், லண்டன் பெட்போர்டு கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராய் விளங்கிய கரோலின் ஸ்பர்ஜன். மற்றொருவர், பர்மிங்காம் பல்கலைக்கழக விரிவுரையாளர் ரோஸ் சிட்ஜ்விக். நியூயார்க் நகரின் பார்னார்டு கல்லூரித் தலைவியாக இருந்த வர்ஜீனியா கில்டர்ஸ்லீவ் என்பாரை அவர்கள் சந்தித்தனர். போர் விளைத்த பேரழிவு மூவர் உள்ளத்தையும் வருத்தியது. பல நாட்டுக் கற்ற பெண்கள் ஒருவரையொருவர் அறிந்து நட்புப் பூண்டால், பகைமை வளர இடம் குறையும் என அவர்கள் எண்ணினர். அவ்வெண்ணம் வடிவம் பெறுமுன்பே, அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் சிட்ஜ்விக் அம்மையார் கொள்ளைநோயாய்ப் பரவிய விஷக் காய்ச்சலால் நியூயார்க்கில் உயிர் நீத்தார். எஞ்சிய இருவரும் மனந்தளரவில்லை. 1919 இல் பல்கலைக்கழக மகளிர் அனைத்துலகக் கூட்டமைப்பு தோன்றியது. அதன் முதல் மாநாடு 1920 இல் லண்டனில் கூடியது. ஸ்பர்ஜன் முதல் தலைவரானார்.

செல்வ நாட்டுப் பெண்கள் கல்வியுரிமையை எளிதிற் பெற்றனர் என்று நாம் கருதிவிடலாகாது. நியூசிலாந்தில் கேட் எட்கர் என்பார் 1877 இல் பட்டம் பெற்றார். கல்கத்தாப் பல்கலைக்கழகம் சந்திரமுகி பாசு, காதம்பினி ஆகிய இருவருக்கும் 1883 இல் பட்டம் வழங்கியது. புகழ்மிக்க ஆக்ஸ்போர்டோ 1920 இல்தான் பெண்களுக்குப் பட்டமளிக்க இசைந்தது. கேம்பிரிட்ஜ் அவர்களை 1948 வரை முழு உறுப்பினராக ஏற்கவில்லை. ஆகவே, செல்வத்தில் முந்திய நாடு நீதியிலும் முந்தியே நிற்கும் என்பதில்லை. இதனை உணர்ந்தோர், ஏழை நாட்டுச் சகோதரியைத் தமக்குக் கீழானவர் என எண்ணுவரோ?

இன்று கொடுப்பவர் நாளை பெறுபவராதலும் உண்டு. ஜெர்மனி கல்வியிற் சிறந்து விளங்கிய நாடு. 1933 இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதப் பேராசிரியர்களும் ஆராய்ச்சியாளர்களும் பதவி இழந்தனர். ஜெர்மானிய மகளிர் சங்கமும் தன் யூத உறுப்பினரை விலக்கியது. அங்ஙனம் துரத்தப்பட்ட பெண்கள் சிலருக்கு லண்டனில் பட்டதாரி மகளிர் விடுதியாய் விளங்கிய கிராஸ்பி மண்டபம் புகலிடமாயிற்று. இவ்வாறு நாடிழந்து வந்த பட்டதாரிப் பெண்கள் புதிய நாட்டின் மொழியைக் கற்கவும், தம் தொழிலை மீண்டும் தொடரவும் உதவும் நிதியொன்றும் தோன்றியது. சுவிட்சர்லாந்து நாட்டு அம்மையார் ஒருவரின் பெயரால் அது ஹெக் ஹோபெட் நிதி என வழங்கலாயிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பல நாடுகள் விடுதலை பெற்றன. அந்நாடுகள் பலவற்றிலும் பட்டதாரி மகளிர் சங்கங்கள் எழுந்தன. உறுப்பினரோ சிலர், செய்ய வேண்டிய பணியோ மலையளவு. இவற்றிற்குத் துணை நிற்கவே கூட்டமைப்பில் பீனா ராய் பெயரால் ஒரு திட்டம் அமைந்தது. அமெரிக்க உறுப்பினர்கள் 1969 இல் கில்டர்ஸ்லீவ் பெயரால் தனி நிதியொன்றை நிறுவினர். இவை வழங்கிய தொகை பெரிதன்று. வழங்கிய முறையே பெரிது. இன்ன பணியைச் செய்க எனக் கொடுப்பவர் கட்டளையிடவில்லை. உள்ளூர்ச் சங்கத்தாரே தேவையை ஆராய்ந்து திட்டம் வகுத்து எழுதினர். அவர்களே பணியையும் நடத்தினர்.

இம்முறையின் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு சிற்றூரில் சிறுமியர் பள்ளியை விட்டு நின்றுவிடுகின்றனர் எனக் கொள்வோம். தொலைவிலிருந்து நோக்குவோர், புத்தகம் இல்லாமையே காரணம் எனக் கருதிப் புத்தகக் கட்டுகளை அனுப்பக்கூடும். உண்மைக் காரணம் வேறாக இருக்கலாம். காலையில் நெடுந்தொலைவு நடந்து தண்ணீர் சுமக்கும் வேலை சிறுமியின் தலைமேல் விழுந்திருக்கலாம். பள்ளியில் பெண்களுக்கெனக் கழிப்பறை இல்லாதிருக்கலாம். அங்கே தேவைப்படுவது புத்தகமன்று, கிணறோ கழிப்பறையோதான். இதனை அறிந்தவள் அவ்வூர்ச் சகோதரியே. பொருள் ஒருவருடையது, அறிவு மற்றொருவருடையது. இரண்டும் கூடினாலன்றிப் பயன் விளையாது.

இத்தகைய சங்கங்களின் பொருள் பெருஞ்செல்வரின் கருவூலத்திலிருந்து மட்டும் வருவதன்று. நியூசிலாந்தில் மகளிர் சங்கக் கிளைகள் பட்டமளிப்பு விழா அங்கிகளை வாடகைக்கு விடுகின்றன. ஒரு மாணவி ஒருநாள் அணியும் அங்கியின் வாடகை மற்றொருத்தியின் உயர்கல்விக்கு உதவித்தொகையாகின்றது. கனடாவில் பல கிளைகள் பழைய புத்தகங்களைத் திரட்டி விற்று இவ்வாறே நிதி சேர்க்கின்றன. சிறுதுளி பெருவெள்ளமாதல் இங்ஙனமன்றோ!

1945 இல் ஐக்கிய நாடுகள் சாசனம் உருவானபோது, அமெரிக்கத் தூதுக்குழுவில் இருந்த ஒரே பெண்மணி கில்டர்ஸ்லீவ் ஆவார். மூவர் கண்ட கனவு நூறாண்டைக் கடந்துவிட்டது. 2015 இல் கூட்டமைப்பின் பெயர் மாறியது; அதன் நோக்கம் மாறவில்லை.

மாணவ மாணவியரே! கல்வி கற்றவர்க்கு மட்டும் உரிய தனிச்சொத்தன்று. பிறர்க்கு உதவ முற்படும்போது, அவர்க்கு வேண்டுவது யாது என முதலில் அவரையே கேளுங்கள். அவர் கூறும் மறுமொழிக்குச் செவி சாய்த்தலே ஒப்புரவின் முதற்படியாகும்.

பயிற்சி

1. ஈகைக்கும் ஒப்புரவுக்கும் உள்ள வேற்றுமை யாது?
2. ஜெர்மானிய யூதப் பெண்களின் நிலை நமக்கு உணர்த்துவது என்ன?
3. உள்ளூர்ச் சங்கமே திட்டம் வகுப்பதன் நன்மையை எடுத்துக்காட்டுடன் விளக்குக.