கரப்பந்தாட்டம்: சண்டை எங்கே தொடங்குது?



கரப்பந்தாட்டம் 1991 முதல் நமது தேசிய விளையாட்டு. ஆனால் இளைஞர் கழகங்கள் சினேகபூர்வமாக வைக்கிற போட்டி சில நேரம் இரண்டு டிவிசன் சண்டையாகிப் போகுது. ஞாயிற்றுக்கிழமை அடித்துக்கொண்டவர்கள் திங்கட்கிழமை ஒரே ஸ்டோரில்தான் வேலைக்கு நிற்க வேண்டும்.

பெரும்பாலும் புள்ளிக் கணக்கில்தான் தகராறு. முன்பு விளையாடிய அண்ணன்மார், "சேர்விஸ் போட்டவனுக்குத்தான் பொயின்ட், 15 எடுத்தால் முடிஞ்சது" என்பார்கள். அந்தச் சட்டத்தை 1998இல் சர்வதேச சம்மேளனம் மாற்றிவிட்டது. இப்போது யார் சேர்விஸ் போட்டாலும், பந்தை வென்ற பக்கத்துக்குப் புள்ளி. ஒரு செட் 25. இரண்டு புள்ளி வித்தியாசம் வேண்டும். 24க்கு 24 வந்தால் ஆட்டம் தொடரும். முடிவு காணும் கடைசி செட் மட்டும் 15. சேர்விஸ் பந்து வலையில் உரசி அந்தப் பக்கம் விழுந்தாலும் சரிதான். முன்பு அது பிழை. கூச்சல் கூடுதலாகக் கிளம்புவதும் இதில்தான்.

ஆகவே ஆட்டத்துக்கு முன்பே இரண்டு தலைவர்களும் சட்டத்தைப் பேசி, தாளில் எழுதி ஒப்பம் வைக்கட்டும். விசில் மூன்றாவது டிவிசன் ஆளிடம் இருக்கட்டும்.

வலை உயரம் ஆண்களுக்கு 2.43 மீற்றர், பெண்களுக்கு 2.24. கொழுந்தெடுக்கிற தங்கச்சிமாரை ஆண்கள் வலையிலேயே ஆடவிட்டு, "இவங்களுக்கு வராது" என்று சிரிப்பது நியாயமில்லை. கம்பத்தில் இரண்டு அளவுக்கும் கோடு போட்டு வையுங்கள். இறக்கிக் கட்ட ஐந்து நிமிசம் போதும்.