மருந்து அடிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

சிலிம் ரிவர் பக்கம் பால்மரம் போய்ச் செம்பனை வந்த காலத்திலிருந்து மருந்துப் பம்பு தூக்கியவன் நான். வேலைக்குப் புதிதாக வருகிறீர்கள். வீட்டில் நாயும் பூனையும் வளர்க்கிறீர்கள். கேளுங்கள்.

1. எலிமருந்து தின்ற நாய் அன்றைக்கே சாகாது. அதுதான் நம்மை ஏமாற்றும். என் நாய் மணி எலிமருந்து மெழுகுக் கட்டியைத் தின்றபின் இரண்டு நாள் வாலாட்டிக்கொண்டு சோறு தின்றான். ஒன்றும் ஆகாது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் எழவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது, மூக்கோரம் ரத்தம். அந்த மருந்து ரத்தம் உறைவதைக் கெடுக்கிறது. ரத்தத்தை உறையவைக்க உடம்பில் மிச்சமிருக்கும் சத்து தீரும்வரை வெளியே தெரியாது. முதல் நாளே மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். வாரக்கணக்கில் கொடுக்க வேண்டிவரும். செத்த எலியைத் தின்ற பூனைக்கும் இதே ஆபத்து உண்டு. எலியைக் கையுறை போட்டு எடுத்துப் புதைத்துவிடுங்கள்.

2. பூச்சிமருந்தில் சில வேறு ரகம். எச்சில் ஒழுகும், கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கும், உடம்பு வெட்டும். சில நிமிடத்திலேயே தொடங்கலாம். டாக்டரிடம் அட்ரோபின் ஊசி இருக்கும். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

3. விஷம் தின்ற பிராணியின் வாயில் பால், எண்ணெய், உப்புத்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். எண்ணெய் சில விஷத்தை இன்னும் வேகமாக உள்ளே இழுக்கும்.

4. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைப் பூனைக்குப் போடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும்.

5. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு 2020 முதல் நம் மலேசியாவில் தடை. பழைய டப்பா கொட்டகையில் கிடந்தால் பூட்டி வைத்து, விவசாய இலாகாவிடம் கேட்டு ஒப்படையுங்கள். அந்த விஷத்துக்கு முறிவுமருந்து கிடையாது.

6. தெருநாய்த் தொல்லை என்று கோழிக்கறியில் விஷம் கலந்து வைக்கச் சொல்வார்கள். மாட்டேன் என்று சொல்லுங்கள். பிராணிகள் நலச் சட்டம் 2015-இன்படி அது குற்றம். 1,00,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை. சட்டம் இல்லாவிட்டாலும் அது பாவம்தான். அந்தக் கறியை எந்த வீட்டு நாய் தின்னும் என்று யாருக்குத் தெரியும்?

7. சாயங்காலம் வாசலில் நாய் ஓடிவந்து காலை நக்கும். உங்கள் பூட்ஸில் அன்றைய மருந்து இருக்கிறது. பின்பக்கமாகப் போய்க் கழற்றுங்கள், சோப்புப் போட்டுக் குளியுங்கள், துணி மாற்றுங்கள். அப்புறம் நாயைத் தூக்கிக் கொஞ்சுங்கள்.