கணிப்பொறியின் துடிப்பைக் கூட்டலாமா?

மேசைக் கணிப்பொறியின் செயலியை, அதைச் செய்தவர்கள் குறித்துத் தந்த வேகத்திற்கு மேல் ஓடச் செய்வதை ‘ஓவர்கிளாக்கிங்’ என்பர. நம் விடுதியில் இதைப்பற்றிப் பேசாத மாணவர் குறைவு. செய்து பார்த்தவர் அதனினும் குறைவு. பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கி நான் செய்து பார்த்ததையும், அதில் பட்ட பாட்டையும் இங்கே எழுதுகிறேன்.

செயலி ஒரு தாளத்திற்கு வேலை செய்வது. அடிப்படைத் துடிப்பு நொடிக்கு 10 கோடி, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ். செயலி அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. என்னிடம் உள்ளது 2011-இல் வெளிவந்த இன்டெல் ஐ5-2500கே. அதன் பெருக்கெண் 33. எனவே வேகம் 3,300 மெகாஹெர்ட்ஸ். இரு துடிப்புகளுக்கு இடையே உள்ள காலம் ஏறத்தாழ 0.3 நானோநொடி. அதற்குள் ஒளியே 9 சென்டிமீட்டர்தான் செல்லும். அந்த நேரத்திற்குள் ஒரு கூட்டலில் மேலே ஏற்றும் இலக்கங்கள் யாவும் கைமாறி, விடை நிலைபெற்றாக வேண்டும்.

கான்கிரீட் தளம் போடும் நாளில் கலவைச் சட்டி கைமாறும் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். என் தாயார் அந்த வரிசையில் நின்றவர். எல்லோரும் ஒரே தாளத்தில் வாங்கிக் கொடுக்கும்வரை சட்டி கீழே விழாது. மேஸ்திரி அவசரப்படுத்தினால் முதலில் தடுமாறுவது வரிசையில் மிகவும் களைத்தவர்தான். செயலியிலும் அப்படியே. கோடிக்கணக்கான பாதைகளுள் மிக மந்தமான பாதை எதுவோ, அதுவே வேகத்தின் எல்லை. சில்லுக்குச் சில்லு இந்த எல்லை மாறும். தேறியவற்றில் மிக மந்தமான சில்லும் வெப்பமான அறையில் பிழையின்றி ஓட வேண்டுமென்று, செய்பவர்கள் வேகத்தைச் சற்றுக் குறைத்தே குறிக்கிறார்கள். அந்த மிச்சத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். 1998-இல் வந்த செலரான் 300ஏ இதற்குப் பெயர்பெற்றது. அதன் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆனால் அடிப்படைத் துடிப்பை 66-இலிருந்து 100-க்கு உயர்த்தியபோது, 300 மெகாஹெர்ட்ஸ் சில்லுகள் பல 450-இல் ஓடின.

மந்தமான பாதையை விரைவுபடுத்த மின்னழுத்தத்தைக் கூட்டலாம். இங்கேதான் இயற்பியல் கணக்குக் கேட்கிறது. செயலி செலவிடும் திறன் துடிப்புக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயரும். பெருக்கெண்ணை 33-இலிருந்து 44 ஆக்கி, மின்னழுத்தத்தை 1.20-இலிருந்து 1.32 வோல்ட் ஆக்கினால், வேகம் 33 விழுக்காடு கூடும். திறனோ 1.33 × 1.21, அதாவது ஏறத்தாழ 61 விழுக்காடு கூடும். அத்தனையும் வெப்பம். கோடையில் என் அறையே 36 டிகிரி. செயலியின் சூடு அதற்கு மேல்தான் தொடங்கும். ஆதலால் முதற்செலவு நல்ல வெப்பத்தணிப்பானுக்கும் விசிறிக்கும்தான். வேகத்தை அப்புறம் பார்க்கலாம்.

பெருக்கெண்ணை மாற்ற எல்லாச் செயலியும் இடந்தராது. இன்டெல்லில் பெயரின் இறுதியில் ‘கே’ எழுத்தும், அதற்கேற்ற மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டியின் ரைசன் செயலிகளில் பெரும்பாலானவை பூட்டப்படாதவை. ஆனால் இன்றைய செயலிகள் சூட்டையும் சுமையையும் பார்த்துத் தாமே வேகத்தைக் கூட்டிக்கொள்வதால், நமக்கென்று மிஞ்சுவது கொஞ்சமே. மின்னழுத்தம் விளையாட்டன்று. 2024-இல் இன்டெல் நிறுவனமே தன் 13, 14-ஆம் தலைமுறை மேசைச் செயலிகள் பலவற்றில் மிகை மின்னழுத்தம் நிலைகுலைவை விளைவித்ததென்று ஒப்புக்கொண்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டித்தது.

என் அனுபவத்திற்கு வருகிறேன். பயாஸ் திரையில் பெருக்கெண்ணை ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் சோதிப்பதே முறை. நான் பொறுமையிழந்து ஒரே தாவலில் 45 வைத்தேன், மின்னழுத்தத்தைத் தொடவில்லை. கணிப்பொறி நிற்கவில்லை, திரை நீலமாகவில்லை. மகிழ்ச்சியில் நான்கு நாள் அப்படியே ஓட்டினேன். ஐந்தாம் நாள், பத்துக் கோடிக்குள் உள்ள பகா எண்களை எண்ணும் சிறு நிரல் ஒன்றை எழுதி, பத்து முறை ஓட்டினேன். சரியான விடை 57,61,455. ஒன்பது முறை அதுவே வந்தது. ஒரு முறை 57,61,453 என்று வந்தது. பிழைச் செய்தி ஏதும் இல்லை!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. காரணம், மூன்றாமாண்டு அண்ணன் ஒருவர் அந்த நான்கு நாட்களில் தம் செயல்திட்டக் கணக்கை என் கணிப்பொறியில்தான் ஓட்டி எடுத்துச் சென்றிருந்தார். மறுநாள் காலை உணவுக்கூடத்தில் அவரிடம் சொன்னேன். சினந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன்; “எந்தெந்தக் கோப்பு?” என்று மட்டும் கேட்டார். பெருக்கெண்ணை 33-க்கு இறக்கி, இரண்டு இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மீண்டும் ஓட்டினோம். இருநூற்றுச் சொச்சம் வரிகளில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. அவர் அதை அடித்துத் திருத்தினார்.

இப்போது பெருக்கெண் 40, மின்னழுத்தம் 1.25 வோல்ட், முழுச் சுமையில் சூடு 70 டிகிரி. பகா எண் நிரலை இரவு முழுதும் ஓட்டியாயிற்று. வேறொருவர் கணக்கு வரும்போது மட்டும் 33-க்கு இறக்கிவிடுகிறேன்.